தேமலா, தொழுநோயா: பார்க்கக் கற்றுத்தருவது யார்?

சென்னையின் தெற்குப் புறநகரான பொழிச்சலூரிலோ பம்மலிலோ ஒருவருக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை வந்தால், அவர் முதலில் போவது மருத்துவரிடம் அல்ல, மருந்துக்கடைக்கு. கடையில் நான்கு பேர் நிற்கும்போது இடத்தைக் காட்ட முடியாது. “அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கிடைக்கிற டியூபில் பல சமயம் மூன்று நான்கு மருந்துகள் கலந்திருக்கும். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் போன்ற வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். அடக்குவது ஸ்டீராய்டு. அது பூஞ்சையைக் கொல்வதில்லை, பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியைத்தான் கொல்கிறது. டியூப் தீர்ந்ததும் படை முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். இன்னொரு டியூப் வாங்குவார். ஓரம் தடித்து, நடு தெளிந்து, வட்டமாகத் தெரியவேண்டிய படை அடையாளம் கலைந்து பரவும். தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பதுபோன்ற வரித்தழும்புகள் தொடையில் விழும். அதற்குள் ஒரே துண்டைப் பயன்படுத்தும் வீட்டில் எல்லோருக்கும் தொற்றியிருக்கும்.

இது ஒரு ஊரின் கதை மட்டும் அல்ல. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியா முழுவதும் படர்தாமரையின் போக்கே மாறிவிட்டது. முன்பு இரண்டு மூன்று வாரத்தில் குணமான நோய் இன்று மாதக்கணக்கில் நீடிக்கிறது. டெர்பினஃபின் மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சை ஒன்று இதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்தவர்களிடமிருந்து எடுத்த மாதிரிகளை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் அதைத் தனி இனமாக விவரித்து, ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயரிட்டார்கள். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது தென்படுகிறது. நம் நாட்டின் பெயரைச் சுமந்து ஒரு பூஞ்சை உலகம் சுற்றுவதற்கும் கடையில் கேட்டு வாங்கும் டியூபுக்கும் தொடர்பு உண்டு என்றே தோல் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். 2018இல் மத்திய அரசு வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்தபோது இப்படிப்பட்ட தோல் கிரீம்களும் அதில் அகப்பட்டன. ஆனால் சட்டம் வந்தால் போதாது. அரிப்போடு வருகிறவரின் தோலை முதலில் பார்க்கிற ஆளுக்கு அதைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த முதல் ஆள் யார் என்பதுதான் கேள்வி. தோல் மருத்துவ நிபுணர் அல்ல. மருந்துக்கடைக்காரர், கிராம சுகாதாரச் செவிலியர், சுகாதார ஆய்வாளர், தெருமுனை கிளினிக்கில் உட்காரும் எம்.பி.பி.எஸ். மருத்துவர், தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குத் தோல் நோயோடு போகிறவர்களைப் பார்க்கும் சித்த மருத்துவர். இவர்கள்தான். எம்.பி.பி.எஸ். படிப்பில் தோல் மருத்துவத்துக்குத் தனித் தேர்வுத்தாள் கிடையாது, பொது மருத்துவத்தின் ஒரு மூலையில் அது ஒடுங்கிக் கிடக்கிறது. பயிற்சி மருத்துவராக இருக்கும் ஆண்டில் அந்தப் பிரிவில் நிற்பது ஓரிரு வாரம். மேற்படிப்பில் நிலைமை நேர்மாறு. தரவரிசையில் முன்னால் நிற்பவர்கள் போட்டியிட்டு எடுக்கும் இடங்களில் தோல் மருத்துவமும் ஒன்று. அப்படிப் படித்து வருகிறவர்களில் கணிசமானவர்களை லேசரும் முடி நடுதலும் நகரத்தின் நடுவே இழுத்துக்கொள்கின்றன. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நிபுணர்களை நம்பி இந்த நோய்களைச் சமாளிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, முதலில் பார்க்கிறவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும்.

இந்தப் பாடத்தை நாம் வெளியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பொழிச்சலூர் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டமே ஒரு காலத்தில் அந்தப் பாடத்தின் பள்ளிக்கூடமாக இருந்தது.

செங்கல்பட்டு நகரை ஒட்டிய திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் 1920களில் ஒரு தொழுநோயாளர் குடியிருப்பு அமைந்தது. ராபர்ட் காக்ரேன் அங்கே பணியாற்றினார். சல்ஃபோன் மருந்துகளை, குறிப்பாக டாப்சோனை, தொழுநோய்க்குப் பயன்படுத்திப் பார்த்த ஆரம்பகால மருத்துவர்களில் அவர் ஒருவர். 1955இல் மத்திய அரசு அந்த இடத்தை எடுத்துக்கொண்டு மத்தியத் தொழுநோய்ப் போதனை மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கியது. பெயரில் போதனை முதலில் வருகிறது, ஆராய்ச்சி பிறகு. நாட்டின் பல பகுதிகளிலிருந்து மருத்துவ அலுவலர்களும், மருத்துவர் அல்லாத மேற்பார்வையாளர்களும், ஆய்வக நுட்பர்களும், இயன்முறை நுட்பர்களும் அங்கே வந்து பயிற்சி பெற்றார்கள்.

அதே 1955இல் அதே மாவட்டத்தின் தென்கோடியில் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரெய்க்ஸ் ஒரு மையம் தொடங்கினார். பின்னர் அதை நெடுங்காலம் நடத்தியவர் கிளேர் வெல்லுட் அம்மையார். நோயாளிகளை ஓரிடத்தில் அடைத்து வைக்காமல், குறித்த நாளில் குறித்த மரத்தடிக்கு மருத்துவக் குழு போகும், சுற்று வட்டார மக்கள் அங்கே வருவார்கள். அந்த மரத்தடி கிளினிக்குகளில் பத்தாம் வகுப்போ அதற்குச் சற்று மேலோ படித்த உள்ளூர் இளைஞர்கள் தோலைப் பரிசோதிக்கவும் நரம்பைத் தடவிப் பார்க்கவும் பழகினார்கள். வேலூர் அருகே கரிகிரியில் இருக்கும் ஷெஃப்லின் மையத்தின் தொடக்கமும் 1955ஐ ஒட்டியதுதான். இந்த மூன்று இடங்களிலும் கற்பித்த முறை ஒன்றே: நோயாளி எதிரே உட்கார்ந்திருப்பார், ஆசிரியர் செய்து காட்டுவார், மாணவர் செய்வார், ஆசிரியர் திருத்துவார்.

அந்த முறை எவ்வளவு நுட்பமானது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தொழுநோய்ப் படை பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது. சுற்றியுள்ள தோலைவிடச் சற்று வெளிறி, பார்வைக்குத் தேமல் போலவே இருக்கும். பரிசோதனை பகல் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். குழல்விளக்கின் கீழே மங்கலான படை தப்பிவிடும். முகத்தையும் கையையும் மட்டும் பார்த்தால் போதாது, முதுகு, பிட்டம், தொடை எல்லாம் பார்க்க வேண்டும். ஆகவே மறைவான இடமும், பெண்களைப் பார்க்கப் பெண் பணியாளரும் தேவை. அதன் பிறகு உணர்ச்சிச் சோதனை. முதலில் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்லி, பால்பாயின்ட் பேனா முனையால் நல்ல தோலில் மெல்லத் தொட்டு, “நான் தொடற இடத்தை விரலால காட்டுங்க” என்று பழக்க வேண்டும். புரிந்துகொண்டார் என்று உறுதியானதும் கண்ணை மூடச் சொல்ல வேண்டும். இப்போது படையின் நடுவே தொட்டால் அவர் விரல் அசையாது. “தெரியுதா, தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே தொட்டால் சோதனை கெட்டது. மரியாதைக்காகவே “தெரியுதுங்க” என்று சொல்லிவிடுவார்கள். அடுத்து நரம்பு. முழங்கையின் பின்புறம் உள்பக்கமாக ஓடும் அல்நார் நரம்பை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விரலால் உருட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் தடித்திருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். அழுத்தும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வலியை முகம்தான் முதலில் சொல்லும். தேமலில் உணர்ச்சி போகாது. மெல்லச் சுரண்டினால் தவிடு போல உதிரும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை தன் கையாலேயே செய்து அறிந்தவர் பிறகு மறப்பதில்லை.

தொட்டுப் பார்ப்பதன் அருமைக்குத் திருமணியே சாட்சி. வேலூர் சி.எம்.சி.யில் இருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1947 வாக்கில் காக்ரேனின் மருத்துவமனையைப் பார்க்க வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். வலுவில்லாத கை என்று நினைத்த இடத்தில் இரும்புப் பிடி இருந்தது. எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை, சில மட்டுமே செயலிழந்திருக்கின்றன, மிச்சமிருக்கும் தசைநாரை இடம் மாற்றிக் கட்டினால் விரல் நிமிரும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்குப் பிறந்தது. மறுவாழ்வு அறுவை சிகிச்சையின் ஒரு பெரிய கிளையே அந்தக் கைகுலுக்கலிலிருந்து வளர்ந்தது.

இவ்வளவு இருந்தும் இந்த அறிவு ஏன் கைநழுவியது? 1983 முதல் பல மருந்துக் கூட்டுச் சிகிச்சை வந்து நோயாளிகள் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. தமிழ்நாடு 1997இல், மற்ற பல மாநிலங்களுக்கு முன்பாகவே, தொழுநோய்ப் பணியைப் பொதுச் சுகாதாரத் துறையோடு இணைத்தது. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். தொழுநோய்க்கென்று தனிக் கட்டடம் இருக்கும்வரை ஒதுக்கலும் இருக்கும். இணைப்புக்குப் பிறகு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாத்திரை அட்டை இலவசமாகக் கிடைத்தது. 2005 டிசம்பரில், பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை நாடு எட்டிவிட்டதாக அறிவிப்பும் வந்தது. ஆனால் இணைப்பில் மருந்து கைமாறிய அளவுக்குக் கைத்திறன் கைமாறவில்லை. வீடு வீடாகப் போய்த் தோல் பார்த்த தொழுநோய் ஆய்வாளர்கள் பொதுப்பணிக்குள் கரைந்து, ஓய்வும் பெற்றார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குக் கொசு ஒழிப்பு, தடுப்பூசி, காய்ச்சல் கணக்கு என்று நூறு வேலை. ‘ஒழிந்துவிட்டது’ என்று எல்லோரும் நம்பிய நோயைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. 2023இல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டறியப்பட்ட சுமார் 1,82,000 தொழுநோயாளர்களில் ஏறத்தாழ 1,07,000 பேர் இந்தியர்கள். நோய் இருக்கிறது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாத மாத்திரையில் முடியும். தாமதமானால் கையோ காலோ கண்ணோ போகும்.

சென்னையின் தெற்குப் புறநகரில் இந்தத் தேடல் கூடுதல் சிக்கலானது. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பம்மலும் அனகாபுத்தூரும் அதில் அடங்கின, ஒட்டியிருக்கும் பொழிச்சலூர் ஊராட்சியாகவே நின்றது. வாடகைக்கு வருகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு வீடு மாறுகிறார்கள். கட்டட வேலைக்கு வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் தங்குகிறார்கள். அங்கே ஒருவருக்குச் சிரங்கு வந்தால் எல்லோருக்கும் வரும். இரவில் அரிப்பு கூடுகிறதா, அறையில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்ற இரண்டே கேள்வி கேட்டு, விரலிடுக்கையும் மணிக்கட்டையும் தொப்புளைச் சுற்றியும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அதைக் கேட்காமல் ‘அலர்ஜி’ என்று மாத்திரை எழுதினால் ஒருவர் அரைத்தூக்கத்தில் வேலைக்குப் போவார், மற்ற ஏழு பேருக்கும் சிரங்கு தொடரும். அறையிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை பெர்மெத்ரின் பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். இதைப் புரியும் மொழியில் சொல்வதும் மருத்துவத்தின் பாதி. உலக சுகாதார நிறுவனம் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2017இல்தான்.

எல்லாத் தோல் நோயும் கிருமியால் வருவதும் இல்லை. பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை வட்டாரம் தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்தது. குரோமியம் உப்பில் கை நனைத்து வேலை செய்தவர்களுக்கு வரும் ஒவ்வாமைக் கரப்பானும், சிமென்ட் குழைக்கும் கொத்தனார், சித்தாளின் கையில் வரும் வெடிப்பும் ஒரே குரோமியத்தின் வேலையாக இருக்கலாம். “என்ன வேலை பண்றீங்க?” என்று கேட்காத மருத்துவர் இதற்கு ஆண்டுக்கணக்கில் பூஞ்சை மருந்து எழுதிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, உயிரையே வாங்கக்கூடியது. மழைக்காலத்தில் ஒருவர் ஒரு வாரமாகக் காய்ச்சல் என்று வருகிறார். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்புக்குக் கீழோ சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் அது உண்ணிக்காய்ச்சல் என்று மக்கள் சொல்லும் ஸ்க்ரப் டைபஸ். புதரில் வாழும் சிற்றுண்ணியின் இளங்குஞ்சு கடித்த இடம் அது. வலிக்காது, அரிக்காது, ஆகவே நோயாளி அதைச் சொல்லவே மாட்டார். ஆடையை விலக்கித் தேடினால்தான் தெரியும். அடையாற்றங்கரைப் புதர்களும் காலி மனைகளில் மண்டும் செடிகளும் இருக்கும் இந்தப் பக்கத்தில் காய்ச்சலோடு வருகிற எவரையும் அப்படித் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பொருக்கு தெரிந்தால் டாக்சிசைக்ளின் உடனே தொடங்கலாம். நோய் முற்றினால் நிலைமை வேறு. அப்போது இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய, 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

பாடப்புத்தகங்களும் இங்கே கைகொடுப்பதில்லை. தோல் மருத்துவ நூல்களின் படங்கள் நீண்ட காலம் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. அங்கே செக்கச்சிவந்து தெரியும் தடிப்பு நம் மாநிறத்தில் கருஞ்சாம்பலாகவோ ஊதாவாகவோ தெரியும். ‘சிவப்பு’ என்று படித்த மாணவர் நோயாளியிடம் சிவப்பைத் தேடி ஏமாறுகிறார். இத்தனைக்கும் தோல் நோய் வரலாற்றில் தமிழகத்தின் பங்கு பெரியது. காலில் வீங்கிப் புழையோடிக் குருணை வடியும் மைசெட்டோமாவை நவீன மருத்துவம் முதலில் பதிவுசெய்தது 1840களில் மதுரையில்தான். ‘மதுரைக் கால்’ என்று உலகமே அதை அழைத்தது.

குறைந்த பயிற்சியால் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் சான்று உண்டு. மாலி நாட்டில் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு, அடிக்கடி வரும் சில தோல் நோய்களை மட்டும் மையமாக வைத்து மிகக் குறுகிய பயிற்சி கொடுத்தார்கள். தெளிவான நோயறிதலும் பொருத்தமான சிகிச்சையும் பெற்ற நோயாளிகள் 42 சதவீதத்திலிருந்து 81 சதவீதமாக உயர்ந்தார்கள். வீண் மருந்து எழுதுவது குறைந்ததால் மருந்துச் செலவும் குறைந்தது. தான்சானியாவின் மோஷி நகரில் 1992 முதல் இயங்கும் வட்டாரத் தோல் மருத்துவப் பயிற்சி மையம் வேறு வழியில் போனது. மருத்துவர் பட்டம் இல்லாத மருத்துவப் பணியாளர்களுக்கு இரண்டு ஆண்டுப் பட்டயம் தந்து, நிபுணரே இல்லாத மாவட்டங்களுக்கு அனுப்பியது. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் களப் பணியாளர்களுக்கான படவிளக்கக் கையேட்டை வெளியிட்டது, பின்னர் கைப்பேசிச் செயலியையும் கொண்டுவந்தது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தோல் நோய்களை உலகப் பொதுச் சுகாதார முன்னுரிமையாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது.

செயலி நல்லது. ஆனால் கைப்பேசிப் படத்தால் படையில் உணர்ச்சி இருக்கிறதா என்று சொல்ல முடியாது, நரம்பு தடித்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. படம் அனுப்பி நிபுணரிடம் கேட்பது பயிற்சிக்குத் துணையாகலாம், மாற்று ஆகாது. ஒரே நாளில் முந்நூறு பேரை மண்டபத்தில் உட்காரவைத்து, இருநூறு படங்களைத் திரையில் ஓட்டி, சான்றிதழ் கொடுத்து அனுப்புவதைப் பயிற்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

என் பார்வையில் செய்யவேண்டியது இதுதான். பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர் பகுதியின் செவிலியர், சுகாதார ஆய்வாளர், மருத்துவ அலுவலர்களைச் சிறு குழுக்களாக, குழுவுக்குப் பத்துப் பேருக்கு மேல் போகாமல், திருமணிக்கும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்கும் அனுப்ப வேண்டும். பொழிச்சலூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். ஐம்பது நோய்களைக் கற்பிக்க வேண்டாம். படர்தாமரை, சிரங்கு, தொழுநோய், உண்ணிக்காய்ச்சல் பொருக்கு, தொழில்வழிக் கரப்பான், யானைக்கால் வீக்கத்தின் பராமரிப்பு, இவை போதும். இவற்றுக்கு அப்பாற்பட்டதை யாரிடம் அனுப்புவது என்பதையும் கற்றுத்தர வேண்டும். ஆறு மாதம் கழித்து அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே ஆசிரியர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சளிப் பரிசோதனைக்கும் மலேரியாவுக்கும் நுண்ணோக்கி ஏற்கெனவே சுகாதார நிலையங்களில் இருக்கிறது. படையின் ஓரத்தைச் சுரண்டி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டுச் சில நிமிடம் பொறுத்தால் பூஞ்சை இழை கண்ணுக்குத் தெரியும். அந்தக் கரைசலின் விலை மிகக் குறைவு. ஆய்வக நுட்பருக்கு ஒரு நாள் பயிற்சி போதும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் பாதத்தையும் அவர்கள் பார்க்கலாம். உணர்ச்சி போன பாதத்தில் புண் எப்படி வருகிறது, எந்தச் செருப்பு அதைத் தடுக்கும் என்று தொழுநோயாளர்களுக்காகக் கரிகிரியும் வேலூரும் கண்டறிந்தவை சர்க்கரை நோயாளிக்கும் அப்படியே பொருந்தும். யானைக்கால் வீக்கம் உள்ளவருக்கும் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பதுதான் முதல் மருந்து. அந்த இடுக்குச் சேற்றுப்புண் வழியாகத்தான் கிருமி புகுந்து காய்ச்சலும் வீக்கமும் திரும்பத் திரும்ப வருகின்றன. மருந்துக்கடைக்காரர்களையும் சித்த மருத்துவர்களையும் இந்தப் பயிற்சியில் சேர்க்காவிட்டால் பாதி நோயாளிகளை நாம் விட்டுவிடுகிறோம் என்று பொருள்.

பயிற்சி வரும்வரை, படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் உடம்பிலோ வீட்டிலுள்ளவர் உடம்பிலோ வெளிறிய, அரிக்காத, தொட்டால் மரத்திருக்கும் படை இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரிக்கும் படைக்கு ஏற்கெனவே ஏதாவது பூசியிருந்தால் அந்த டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் என்ன இருக்கிறது என்று மருத்துவர் படித்துப் பார்க்கட்டும்.